டிராக்டர் மெக்கானிக் ஆக எங்கே படிக்கலாம்?

கேள்வி: ‘‘வாலாஜாபாத் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நஞ்சை. வீட்டில் ஒரு பட்டுத்தறி ஓடுகிறது. மகன் இந்த வருடம் 10-ம் வகுப்பு பாஸ் செய்திருக்கிறான். தறியில் உட்கார அவனுக்கு விருப்பம் இல்லை. டிராக்டர், நெல் அறுக்கும் மிஷின் ரிப்பேர் வேலை கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான். ஒரு தனியார் நிலையத்தில் ஆறு மாதத்தில் ‘டீசல் மெக்கானிக் டிப்ளமா’ தருகிறார்களாம். வேலை நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் 65,000 ரூபாய். பாதிப் பணத்தை இந்த மாதமே கட்டச் சொல்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேர்த்துவிடலாமா?’’

- ஒரு வாசகி, வாலாஜாபாத்.

பதில்: நகையை இப்போது அடகு வைக்க வேண்டாம். முன்பணமும் கட்ட வேண்டாம். இதே தொழிலை, நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழோடு, அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) பயிற்சிக் கட்டணம் இல்லாமல் கற்க முடியும். அங்கே இடம் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தனியார் நிலையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அப்போதும் அந்த நிலையத்தின் பட்டறையை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

மகனின் ஆசையில் தவறில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டத்திலும் நெல் விளைகிறது. தென்னேரி போன்ற பெரிய ஏரிகளும் பாலாற்றுக் கரைக் கிணறுகளும் இருக்கும் வாலாஜாபாத் வட்டாரத்தில் சேற்றுழவு முதல் அறுவடை வரை எல்லாமே இயந்திரத்துக்குப் போய்விட்டன. ஆனால், அறுவடை நேரத்தில் ஒரு மிஷின் நின்றுவிட்டால், அதைச் சரிசெய்ய வெளியூர் ஆளுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த இரண்டு நாளில் மழை வந்து கதிர் சாய்ந்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான். எனவே, கூப்பிட்டதும் வரக்கூடிய உள்ளூர் மெக்கானிக்குக்கு இங்கே வேலை உண்டு.

எந்தப் பிரிவு?

‘டீசல் மெக்கானிக்’ என்ற ஒரே பெயரில் பலவற்றைச் சொல்கிறார்கள். ஐ.டி.ஐ.யில் இந்தத் தொழிலுக்கு நெருக்கமான பிரிவுகள் நான்கு. நான்குக்கும் 10-ம் வகுப்பு தேர்ச்சி வேண்டும்.

1. டீசல் மெக்கானிக்: ஓராண்டு. இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவது, எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், குளிர்விப்பு, ஆயில் ஓட்டம் ஆகியவைதான் முக்கியப் பாடம்.

2. டிராக்டர் மெக்கானிக்: ஓராண்டு. இன்ஜினோடு கிளட்ச், கியர் பாக்ஸ், பிரேக், ஹைட்ராலிக் லிஃப்ட், பின்புறம் கருவிகளை இயக்கும் பி.டி.ஓ. தண்டு ஆகியவையும் வரும்.

3. வேளாண் இயந்திர மெக்கானிக்: இரண்டாண்டு. டிராக்டருடன் உழவுக் கருவிகள், விதைப்புக் கருவிகள், தெளிப்பான், கதிரடிக்கும் இயந்திரம், அறுவடை இயந்திரம் என்று பண்ணைக்கு வேண்டியவை எல்லாம் பாடத்தில் உண்டு.

4. மோட்டார் வாகன மெக்கானிக்: இரண்டாண்டு. கார், லாரி சார்ந்தது. இன்ஜின், கியர், எலெக்ட்ரிக்கல் அடிப்படை நன்றாகக் கிடைக்கும்.

விவசாய மிஷின் ரிப்பேர்தான் நோக்கம் என்றால் மூன்றாவது பிரிவுக்கு முதலிடம், இரண்டாவதற்கு அடுத்த இடம். காரணம் எளிது. வயலில் டிராக்டர் நிற்பதற்கு இன்ஜின் மட்டும் காரணம் இல்லை. கேஜ் வீல் போட்டுச் சேற்றுழவு செய்யும் வண்டியில் ஆயில் சீல் தேய்ந்து, சேற்றுத் தண்ணீர் அச்சுக்குள் போய்விடும். ரொட்டவேட்டர் ஓட்டும்போது லிஃப்ட் தூக்காமல் போகும். அறுவடை இயந்திரத்தில் பெல்ட், செயின், பேரிங், ஹைட்ராலிக் ஹோஸ் என்று தினம் ஒன்று போகும். இன்ஜின் மட்டும் தெரிந்தவர் இவற்றின் முன்னால் பாதி மெக்கானிக்தான்.

எல்லா ஐ.டி.ஐ.யிலும் எல்லாப் பிரிவும் இருக்காது. வேளாண் இயந்திரப் பிரிவு எட்டும் தூரத்தில் இல்லை என்றால் டீசல் மெக்கானிக் அல்லது மோட்டார் வாகன மெக்கானிக் சேரலாம். விடுபட்ட ஹைட்ராலிக், கருவிகள் வேலையைப் பிறகு டிராக்டர் சர்வீஸ் சென்டரில் கற்றுக்கொள்ள முடியும்.

இரண்டாண்டுப் பிரிவுக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. 10-ம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஓராண்டுப் பிரிவில் அந்த வழி இல்லை. நாளை மகனுக்கு மேலே படிக்கத் தோன்றினால் இது உதவும்.

எங்கே தேடுவது?

வாலாஜாபாத்தில் இருப்பவர்களுக்கு ஒரகடம், செங்கல்பட்டு ஆகிய இரண்டு ஊர்களிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. ஒரகடத்துக்குப் பஸ் போதும். செங்கல்பட்டுக்கு வாலாஜாபாத் ஸ்டேஷனிலிருந்து ரயிலிலேயே போகலாம். செங்கல்பட்டு இப்போது தனி மாவட்டம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். விண்ணப்பம் மாநிலம் முழுவதற்கும் பொது. வேறு மாவட்டத்து நிலையத்தையும் விருப்பமாகக் குறிப்பிடலாம்.

இந்த ஆண்டு எந்த நிலையத்தில் எந்தப் பிரிவில் எத்தனை இடம் என்பதை வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளத்தில் பார்க்கலாம். மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் நேரிலும் கேட்கலாம். 10-ம் வகுப்பு ரிசல்ட் வந்ததை ஒட்டி விண்ணப்பம் தொடங்கும். முதல் சுற்றில் இடம் கிடைக்காவிட்டாலும், காலி இடங்களுக்கு நேரடிச் சேர்க்கை நடக்கும். அதற்காக நிலையத்துக்குப் போய் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

தனியார் ஐ.டி.ஐ.களிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. வாசகி சொல்லும் நிலையம் ஐ.டி.ஐ. அங்கீகாரம் உள்ளதா, அல்லது சொந்தமாகச் சான்றிதழ் அச்சடித்துத் தரும் நிலையமா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஐ.டி.ஐ.யில் ஆறு மாத ‘டீசல் மெக்கானிக் டிப்ளமா’ என்று ஒரு பிரிவு இல்லை. எனவே, இந்த இடத்தில் கவனம் தேவை.

அரசு ஐ.டி.ஐ.யில் சேரும் மாணவருக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, புத்தகம், பஸ் பாஸ் ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் படித்த மாணவருக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும், மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்க வழியிருக்கிறது. தகுதி விவரத்தைச் சேரும் நிலையத்திலேயே கேட்டுக்கொள்ளலாம்.

சமீபத்தில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொழில் 4.0 மையங்களை அரசு அமைத்திருக்கிறது. ரோபோ, மின்சார வாகனம் போன்ற புதிய பிரிவுகள் அங்கே உள்ளன. அவையும் நல்ல படிப்புகளே. ஆனால், அவை தொழிற்சாலைக்கும் புதிய வாகனங்களுக்கும் ஆள் தயாரிப்பவை. வயலில் நின்றுபோன டிராக்டருக்கு ஆள் வேண்டும் என்றால், இயந்திரத்தைப் பிரிக்கும் பழைய பிரிவுகள்தான் பொருத்தம். ‘புதிய கோர்ஸ்’ என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக மாற்றிக்கொள்ள வேண்டாம்.

பட்டறையில் எதைப் பார்ப்பது?

அரசு நிலையமோ, தனியாரோ, சேரும் முன் அம்மாவோ அப்பாவோ மகனுடன் ஒருநாள் நேரில் போக வேண்டும். பயிற்சி நடக்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஆண்டுக்கு 1,200 மணி நேரம் பயிற்சி. அதில் 840 மணி நேரம் செய்முறை, 240 மணி நேரம் தொழில் பாடம், 120 மணி நேரம் வேலைவாய்ப்புத் திறன். அதாவது, பத்தில் ஏழு பங்கு நேரம் கை வேலையில் இருக்க வேண்டும். பட்டறையில் நின்று பார்த்தால் இது நடக்கிறதா என்று தெரிந்துவிடும். பையன்களின் சீருடையில் ஆயில் கறை இருக்கிறதா? ஸ்பேனர் பெட்டி புழக்கத்தில் தேய்ந்திருக்கிறதா, அல்லது பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறதா? இவ்வளவையும் கவனிக்க மெக்கானிக் அறிவு தேவையில்லை. தறி ஓட்டும் வீட்டில், ஓடும் தறி எது, சும்மா நிற்கும் தறி எது என்று பார்த்ததும் தெரியாதா? அதுபோலத்தான்.

அங்கே இருக்கும் இன்ஜின்களில் எத்தனை ஸ்டார்ட் ஆகும் என்று கேளுங்கள். வெட்டிக் காட்டிய மாதிரி இன்ஜின் பாடம் நடத்தத்தான் உதவும். பிரித்து, பூட்டி, ஓடவைத்துப் பார்த்தால்தான் பையனுக்குத் தொழில் கைக்கு வரும். இன்ஜெக்டர் எப்படித் தெளிக்கிறது என்று சோதிக்கும் நாசில் டெஸ்டர், கம்ப்ரஷன் கேஜ் ஆகியவை வேலை செய்யும் நிலையில் இருக்க வேண்டும். லிஃப்ட் வேலை செய்யும் ஒரு டிராக்டராவது இருந்தால் நல்லது.

அடுத்து, புதிய இன்ஜின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் ‘டிரெம் 4’ என்ற கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதி வந்துவிட்டது. அதனால், இந்த வண்டிகளில் காமன் ரெயில் முறையில் டீசல் பாய்ச்சும் இன்ஜின்கள் வருகின்றன. இவற்றில் கம்ப்யூட்டர் பெட்டியும் சென்சார்களும் உண்டு. பழுது எங்கே என்பதை ஸ்கேனர் போட்டுப் பார்க்க வேண்டும். பழைய டிராக்டரில் ஏர் பிடித்தால், இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யக் கூடாது. அந்தக் குழாயில் டீசல் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். டிராக்டர் டயரில் நாம் அடிக்கும் காற்று ஒன்று, இரண்டு பார் அளவுதான். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்காத பயிற்சி பையனின் கைக்கே ஆபத்து.

அதற்காகப் பழைய இன்ஜினை ஒதுக்கவும் முடியாது. கிராமத்தில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை பழைய பம்ப் வைத்தவைதான். இரண்டும் தெரிந்தால்தான் பிழைப்பு.

தனியார் நிலையத்திடம் கேட்க வேண்டிய கேள்விகள்

தனியார் நிலையங்கள் எல்லாமே ஏமாற்று என்று சொல்ல முடியாது. நல்ல பட்டறை வைத்துப் பொறுப்பாகச் சொல்லித்தரும் இடங்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்க மாட்டார்கள். கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

* சான்றிதழ் தருவது யார்? மத்திய அரசின் தேசியத் தொழிற்சான்றிதழா, நிலையத்தின் சொந்தச் சான்றிதழா?
* அங்கீகாரக் கடிதத்தில் இந்தப் பிரிவின் பெயரும் அனுமதித்த இடங்களின் எண்ணிக்கையும் இருக்கிறதா? (ஒரு நிலையத்துக்கு எலெக்ட்ரீஷியன் பிரிவில் அங்கீகாரம் இருந்தால், டீசல் பிரிவிலும் இருக்கிறது என்று அர்த்தமில்லை.)
* மொத்தச் செய்முறை நேரம் எவ்வளவு? ஒரு இன்ஜினுக்கு எத்தனை பேர்?
* சொல்லித்தருபவர் எங்கே, எத்தனை வருடம் வேலை பார்த்தவர்?
* மொத்தக் கட்டணம் எவ்வளவு? தேர்வுக் கட்டணம், சீருடை, விடுதி எல்லாம் இதில் சேர்ந்ததா? இடையில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்?
* ‘வேலை நிச்சயம்’ என்றால் எந்த நிறுவனத்தில், என்ன வேலை, என்ன சம்பளம்? கம்பெனி நேரடியாக எடுக்கிறதா, ஒப்பந்தக்காரர் மூலமா?
* போன வருடம் முடித்தவர்கள் மூன்று பேரின் போன் நம்பர் கிடைக்குமா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்த மூன்று பேரிடம் ‘இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள்?’ என்று மட்டும் கேட்டால் போதும். கட்டணம், திருப்பித் தரும் தொகை, வேலை வாக்குறுதி ஆகியவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். எழுதித் தர மறுத்தால் எழுந்து வந்துவிடலாம். அசல் மதிப்பெண் சான்றிதழைக் கொடுக்க நேர்ந்தால், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். ‘இன்றே கட்டினால் தள்ளுபடி’ என்று அவசரப்படுத்தும் இடத்தில் நிதானம் இன்னும் கூடுதலாகத் தேவை.

படிப்பு முடிந்த பிறகு

ஐ.டி.ஐ. முடித்ததும் பையன் முழு மெக்கானிக் ஆகிவிட மாட்டான். அதன் பிறகு தொழில் பழகுநர் பயிற்சி ஒன்று இருக்கிறது. 1961-ம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் இந்தப் பயிற்சியில் மாதந்தோறும் உதவித்தொகையும் முடிவில் தனிச் சான்றிதழும் கிடைக்கும். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் டீசல் மெக்கானிக் பிரிவில் பழகுநர்களைச் சேர்க்கின்றன. ஆனால், விவசாய இயந்திரம்தான் குறி என்றால் டிராக்டர் கம்பெனி டீலரின் சர்வீஸ் சென்டர் பொருத்தமான இடம். ஒரு சம்பா அறுவடையும் ஒரு சேற்றுழவுப் பருவமும் அங்கே இருந்தால் வகுப்பில் பார்க்காத பழுதுகளை எல்லாம் பார்த்துவிடலாம்.

ஒரகடம் பக்கத்தில் இருப்பதால் தொழிற்சாலை வேலையும் பையனை இழுக்கும். அங்கே லாரி, கார், மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் வரிசையாக இருக்கின்றன. போனால் தவறில்லை, மாதச் சம்பளம் வரும். ஆனால், அசெம்பிளி லைனில் ஒரே போல்ட்டைத் தினமும் முறுக்குபவருக்குப் பழுது கண்டுபிடிக்கும் பழக்கம் வராது. ஒப்பந்த வேலையாக இருந்தால் அதுவும் நிரந்தரம் இல்லை. சொந்தப் பட்டறை வைக்கும் எண்ணம் இருந்தால் முதல் இரண்டு, மூன்று வருடத்தை ரிப்பேர் நடக்கும் இடத்தில் கழிப்பதே நல்லது.

சொந்தப் பட்டறையிலும் வருமானம் சீராக வராது. உழவு, அறுவடைக் காலத்தில் ராத்திரியும் போன் வரும். மற்ற மாதங்களில் லாரி, பொக்லைன், ஜெனரேட்டர் வேலையும் பார்த்தால்தான் கட்டுப்படியாகும். வெல்டிங் தெரிந்திருந்தால் கலப்பை, கேஜ் வீல் வேலை எல்லாம் வீடு தேடி வரும். 18 வயது முடிந்த பிறகு பட்டறை வைக்க, மாவட்டத் தொழில் மையம் மூலம் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் வங்கிக் கடன் பெறலாம். கிராமப் பகுதியில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம் உண்டு. நகையை அடகு வைக்கத்தான் வேண்டும் என்றால், அந்த நாளில் நல்ல ஸ்பேனர் செட் வாங்க வைக்கலாம்.

ஏற்கெனவே டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு

ஓராண்டு, இரண்டாண்டு படிக்க முடியாது, சொந்த வண்டியைப் பராமரிக்கத் தெரிந்தால் போதும் என்பவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகள் இருக்கின்றன. மத்திய அரசு நான்கு இடங்களில் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையங்களை நடத்துகிறது. இவற்றில் மூத்தது மத்தியப் பிரதேசத்தில் உள்ள புத்னி. அங்கே 1955-ல் டிராக்டர் பயிற்சி தொடங்கியது. ஹரியானாவில் ஹிசார், அஸ்ஸாமில் பிஸ்வநாத் சாரியாலி ஆகியவை மற்ற இரண்டு. நான்காவது, ஆந்திராவின் அனந்தபூர் மாவட்டத்தில் உள்ள கார்லதின்னே. தென் மாநில விவசாயிகளுக்கானது இதுதான். டிராக்டர் ஓட்டுதல், பராமரிப்பு, கருவிகளைப் பூட்டிச் சரிசெய்தல் ஆகியவற்றை அங்கே கற்கலாம். தமிழகத்தில் வேளாண்மைப் பொறியியல் துறையும் கிராமப்புற இளைஞர்களுக்கு வேளாண் இயந்திரங்களை இயக்கவும் பராமரிக்கவும் பயிற்சி தருகிறது. அடுத்த பயிற்சி எப்போது என்று துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

இந்தப் பயிற்சிகள் மெக்கானிக் தொழிலுக்கு மாற்றாகாது. ஆனால், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யாமலும் டீசல் ஃபில்டரில் தண்ணீர் தேங்கவிட்டும் இன்ஜினைக் கெடுத்துக்கொள்ளும் செலவு மிச்சமாகும்.

வாசகி இந்த வாரமே செய்ய வேண்டியவை மூன்று. மகனின் மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றை எடுத்துவைக்க வேண்டும். ஒரகடம், செங்கல்பட்டு நிலையங்களில் எந்தப் பிரிவில் இடம் இருக்கிறது என்று விசாரித்து விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கை நடக்கும் நாள்களில், ஊரில் நல்ல பெயர் எடுத்த ஒரு டிராக்டர் மெக்கானிக்கின் பட்டறையில் மகன் சில நாள் நின்று வேடிக்கை பார்க்கட்டும். வெயிலில் வண்டிக்கு அடியில் படுத்து, கையெல்லாம் கிரீஸாக வேலை நடப்பதைப் பார்த்த பிறகும் அவனுக்கு ஆசை குறையவில்லை என்றால், தயங்காமல் சேர்த்துவிடலாம்.